முப்பத்தொரு ஓட்டைகள்

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் 2023-ம் வருஷம் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் மாட்டுக்குப் பதிலாக ஒரு படகு கிடந்தது. ஸ்ரீரங்கத்தில் கோயில் இருக்கும், கொட்டாரம் இருக்கும், படகு எதற்கு என்று கேட்பீர்கள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் கேட்டார்கள்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓடுகிறதல்லவா? அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் ஸ்ரீரங்கம். நாங்கள் இருப்பது மேலூர்ப் பக்கம். காவிரிக்குள்ளேயே ஒரு திட்டில் என் மாமனாருக்குக் கொஞ்சம் வாழையும் மல்லிகையும் இருக்கிறது. ஆறு வற்றிக் கிடக்கும்போது மணலில் நடந்தே போய்விடலாம். கால் சுடும், அவ்வளவுதான். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் நடுவில் ஒரு வாய்க்கால்போல ஓடும். இடுப்பளவு, சில நாள் ஆளுயரம். முன்பெல்லாம் பரிசல்காரர் ஒருவர் கொண்டுபோய் விடுவார். அவருக்கு வயதாகித் தள்ளாமை வந்துவிட்டது. அவர் பிள்ளைகள் யாரும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. அதனால்தான் என் கொழுந்தனார் நாகப்பட்டினம் போய், கைமாறின சின்னப் படகு ஒன்றை லாரியில் போட்டுக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டு அடி நீளம். உடம்பு முழுவதும் ஃபைபர். முன்பக்கம் மட்டும் மூன்றடிக்கு மூடின தளம். அதன் மேல் உட்காரலாம். அடியில் பெட்டிபோல இடம், அதில் சாமான் வைக்கலாம். மாமா தன் அரிவாள், துண்டு, தூக்குப் பாத்திரம், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அங்கேதான் வைப்பார். பங்குனியில் ஒருநாள் ராத்திரி கோடை மழை பெய்தது. மறுநாள் காலை அந்தப் பெட்டிக்குள் கையை விட்டால், மாத்திரை டப்பாவே தண்ணீரில் மிதக்கிறது. படகு நின்றதோ கரையில், மணலில். ஆற்றுத் தண்ணீர் வர வழியே கிடையாது. மேலே இருந்துதான் வந்திருக்கிறது.

என் கொழுந்தனார் அவசரக்காரர். கடையில் விற்கும் பசையைப் பிசைந்து, கண்ணில் பட்ட ஓட்டைகளில் எல்லாம் அப்பினார். "அவ்வளவுதான் அண்ணி, முடிஞ்சிது" என்றார். பத்தே நாளில் அந்தப் பசை பல் விழுந்த மாதிரி கழன்று கையோடு வந்தது. அடியில் மரம் ஈரமாக, கறுப்பாக, பழைய வெல்லம்போல இருந்தது. என் வீட்டுக்காரர் படகை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார். மாமாவோ, "ரெண்டு கை தாரைப் பூசினாப் போதும், பரிசலுக்கு அதானே பூசுறோம்" என்றார்.

எனக்கு வேறொரு கவலை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என் பெண் தாத்தாவோடு திட்டுக்குப் போவாள். பூப் பறிக்கிறேன் என்று பேர். படகின் முன் தளத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு போவதில்தான் அவளுக்கு ஆசை. அவள் உட்காரும் இடத்தில் நான் கையை ஊன்றிப் பார்த்தேன். லேசாக அமுங்கியது. பக்கத்தில் கயிறு கட்டும் வளையம் பல்லாடுவதுபோல ஆடியது. நடு ஆற்றில் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்திருப்பாள். "இது சரியாகிறவரைக்கும் பிள்ளையை ஏத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். மாமாவை எதிர்த்து நான் பேசினது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்கப்புறம் ஏறவில்லை.

என் பிறந்த வீடு நாகை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து போனபின் அந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. கூடவே அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறைகளும் பெருகின. என் தம்பி அப்படி ஒரு பட்டறையில்தான் வேலை கற்றுக்கொண்டான். அவனை வரவழைத்தேன். வந்தவன் படகை ஒரு சுற்றுச் சுற்றினான். திருப்புளியின் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனான். சில இடத்தில் 'டங்' என்று கேட்டது, சில இடத்தில் 'பொத்' என்று கேட்டது. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, இது போளி மாதிரி. மேலேயும் கீழேயும் ஃபைபர் தோலு, நடுவுல பூரணம். பூரணம்தான் பிளைவுட்டு. தோலுக்கு ஒண்ணும் ஆகாது. பூரணம் ஊசிப் போச்சுன்னா போளி போச்சு."

பிளைவுட் எப்படி ஊசிப்போகும்? திருகாணி வழியாகத்தான். முன்பு வைத்திருந்தவர் அந்தத் தளத்தில் என்னென்னவோ மாட்டியிருக்கிறார். விளக்குக் கம்பம், வலை இழுக்கும் கொக்கி, கயிறு கட்டும் கட்டை. ஒவ்வொன்றையும் கழற்றினபின் திருகாணி இருந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட்டார். எண்ணிப் பார்த்தேன். இப்போதும் சாமான் மாட்டியிருந்தவை ஒன்பது, சும்மா வாய் பிளந்து கிடந்தவை இருபத்திரண்டு. ஆக முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் ஒரு வேர்க்கடலை நுழையாத அளவு. ஆனால் மழைத் தண்ணீர் நுழைய அது போதாதா?

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று. மரப் படகைக் கெடுப்பது கடல் தண்ணீர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. மழைத் தண்ணீர், அதாவது நல்ல தண்ணீர் தேங்கினால்தான் அது கொண்டாட்டமாக வளருமாம். உப்பில் ஊறின மாங்காய் வருஷக்கணக்கில் இருக்கிறது, உப்பில்லாத மாங்காய் நாலு நாளில் பூத்துப்போகிறது, அதே கணக்கு. கடலில் இருந்தவரை ஓரளவு தாக்குப் பிடித்த படகு, எங்கள் ஊர் மழையில் வெட்டவெளியில் நின்றதும் வேகமாகக் கெட்டதில் அதிசயமில்லை.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மரப் படகுக்குக் கலப்பத்து அடிப்பார்கள் என்றார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத் திரியை உளியால் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார்களாம். குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு நாம் புகை போடுகிற அதே குங்கிலியம்தான்! முழு மரப் படகைத் தண்ணீரில் போட்டால் பலகை ஊறி உப்பித் தானே இடுக்கை அடைத்துக்கொள்ளும். நாள்கணக்கில் வெயிலில் போட்டால்தான் அது விரிசல் விடும். ஒட்டுப்பலகைத் தளத்துக்கு நேர் எதிர். அது ஊறினால் தாள் தாளாகப் பிரிந்துவிடும். பெரியவர் சொன்னதும் சரி, சின்னவன் சொன்னதும் சரி. பொருள்தான் வேறு.

தம்பி இரண்டு நாள் இருந்து நாலு ஓட்டைகளை என் கண்ணெதிரே செய்து காட்டினான். மூன்றாம் நாள் அவனுக்குப் பட்டறையில் வேலை. "மீதியை நீயே செய் அக்கா, தையல் தெரிஞ்ச கை" என்று சொல்லி ரயிலேறிவிட்டான். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை வீட்டில் எனக்கு என்று ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தைப் படகுக்குக் கொடுத்தேன்.

முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்பது நம்முடைய நினைப்பு. மாடியில் ஒழுகும் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், மேலே ஒரு மூலையில் இறங்கும் தண்ணீர் உத்திரத்தோடு ஓடி வேறு மூலையில் சொட்டும். இங்கேயும் அப்படித்தான். பெட்டிக்குள் தளத்தின் அடிப்பாகம் முழுவதும் என் பெண்ணின் சாக்பீஸைத் தேய்த்துவிட்டோம். பிறகு அவள் டார்ச் விளக்கோடு உள்ளே தலையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டாள். நான் மேலே ஒரு செம்புத் தண்ணீரை, தாழ்ந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்து, சாண் சாணாக ஊற்றிக்கொண்டு வந்தேன். ஒரே அடியாகக் குடத்தைக் கவிழ்த்தால் எது எங்கே என்று தெரியாது. சாக்பீஸ் கறுக்கிற இடத்தில் அவள் "அம்மா, இங்க!" என்று கத்துவாள். மேலே ஒன்பதாம் எண் ஓட்டையில் விட்ட தண்ணீர் கீழே பதினாலாம் எண்ணில் வந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் பென்சிலால் எண் போட்டிருந்தது எவ்வளவு நல்லதாயிற்று!

அடுத்தது காயவைப்பது. மொத்த வேலையில் பாதி இதுதான் என்பேன். கொழுந்தனார் அப்பின பசை கழன்றதற்கும் காரணம் வேறில்லை. ஈர மரத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. ஒட்டினாலும் உள்ளே இருக்கிற ஈரத்தை மூடிவைத்து மரத்தை இன்னும் அழுகச் செய்யும். எல்லாத் திருகாணிகளையும் கழற்றி, படகை வெயில் விழுகிற பக்கம் திருப்பி வைத்தோம். திருச்சி வெயிலைத் திட்டாத நாள் கிடையாது. அந்த வருஷம் அக்கினி நட்சத்திரத்தைக் கும்பிட்டேன்! சாயங்காலம் பனியும் தூறலும் படாமல் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவேன், காலையில் எடுத்துவிடுவேன். வடகத்துக்குச் செய்கிற காவல்தான். காய்ந்துவிட்டதா என்று பார்க்க கோணி ஊசியை ஓட்டைக்குள் விட்டுக் குத்தி எடுப்பேன். இட்லி வெந்ததா என்று பார்க்கிறோமே, அந்த மாதிரி. ஊசியில் ஈரமோ கறுப்புத் தூளோ ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் காய வேண்டும். எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. மாமா தினமும் வந்து, "என்னம்மா, இன்னும் வேகலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

பொறுமை இல்லாமல் யாராவது ஏதாவது சொல்லும்போது காவிரிப் பாலத்தைச் சொல்வேன். 1976-ல் திறந்த அந்தப் பாலத்தை 2022 செப்டம்பரில் மூடி, தளத்தின் இணைப்புகளை எல்லாம் புதுப்பித்து, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஆறு மாதம் ஊரே சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு படகுக்குப் பதினெட்டு நாள் பொறுக்க முடியாதா?

காய்ந்தபின் ஒவ்வொரு ஓட்டையையும், பழைய திருகாணியைப்போல இரண்டு மடங்கு அகலத்துக்குத் துளைபோடும் மிஷினால் பெரிதாக்கினேன். 'இருக்கிற ஓட்டையை அடைக்கச் சொன்னால் பெரிசாக்குகிறாளே' என்று என் மாமியார் வாயைப் பிளந்தார். சொத்தைப் பல்லை டாக்டர் முதலில் குடைந்துதானே அடைக்கிறார்? கெட்ட மரம் முழுவதும் போக வேண்டும். தோலுக்கு நடுவில் மறைவாக உளுத்துப்போனதை எடுக்கத் தம்பி ஒரு வேடிக்கையான உபாயம் சொல்லிக் கொடுத்தான். ஓர் ஆணியின் நுனியை வளைத்து மிஷினில் மாட்டிச் சுற்றினால், மேல் தோலைத் தொடாமல் உள்ளே இருக்கிற பூரணத்தை மட்டும் சுரண்டிக்கொண்டு வந்துவிடும். கறுப்புத் தூள் போய், மஞ்சள் மரத்தூள் வருகிறவரை சுரண்ட வேண்டும்.

அடைக்கிற மருந்து எபாக்ஸி. பிசின் ஒரு டின், அதை இறுகச்செய்யும் திரவம் ஒரு டின். பெரிய கடை வீதியில் வாங்கினேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். டின்னில் போட்டிருக்கிற அளவை அப்படியே எடுக்க வேண்டும். கண்திட்டம், கைத்திட்டம் எல்லாம் ரசத்துக்குத்தான். இறுக்கும் திரவத்தைக் கூட விட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்தால், பிசுபிசுவென்று இறுகாமலே நின்றுவிடும். இன்னொன்று, இது கலந்ததும் தானே சூடேறும். ஆழமான டம்ளரில் நிறையக் கலந்தால் நம் ஊர் வெயிலில் புகையே வந்துவிடும். ஆகையால் அகலமான பழைய தட்டில், ஒரு தடவைக்கு நாலைந்து ஓட்டைக்கு ஆகிற அளவு மட்டும் கலந்தேன்.

கீழ்ப்பக்கம் டேப் ஒட்டி அடைத்துவிட்டு, முதலில் வெறும் பிசினைக் குச்சியால் ஓட்டைக்குள் தடவினேன். காய்ந்த மரம் அதை மடமடவென்று குடித்துவிடும். குடித்துத் தீர்ந்தபின், சலித்த நைஸான மரத்தூளைப் பிசினில் போட்டு, இட்லி மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைக்கிற பதத்துக்குக் குழைத்து, காற்றுக் குமிழி தங்காமல் அடியிலிருந்து நிரப்பினேன். விளிம்புக்கு மேல் கொஞ்சம் புடைத்து நிற்கட்டும். மறுநாள் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கிக்கொள்ளலாம். சும்மா கிடந்த ஓட்டைகளுக்கு மேலே ஃபைபர் துணியை ரூபாய் அகலத்துக்கு வெட்டி, பிசினில் நனைத்து ஒட்டியாயிற்று. சாமான் மாட்ட வேண்டிய ஒன்பதில் மட்டும், இறுகின அடைப்பின் நட்டநடுவில் புதிதாகச் சின்னத் துளை போட்டேன். இப்போது திருகாணி மரத்தைத் தொடவே தொடாது. அதைச் சுற்றிக் கல் மாதிரி பிசின்தான். பின்னால் எப்போதாவது திருகாணி வழியாகத் தண்ணீர் கசிந்தாலும் பூரணத்துக்குப் போகாது. பழைய இரும்புத் திருகாணிகளைத் தூக்கி எறிந்துவிட்டு எவர்சில்வர் போட்டேன். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் ஓட்டையைப் பிளக்கும்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பிசின் கையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு என்று ஆரம்பித்து, பிறகு அந்தப் பக்கம் போனாலே ஒத்துக்கொள்ளாமல் போய்விடும். ரப்பர் கையுறை, முழுக்கை ரவிக்கை அல்லது வீட்டுக்காரரின் பழைய சட்டை அவசியம். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தின்னரால் துடைத்தால் அது தோலுக்குள்ளேயே இறங்கும். உப்புத்தாள் போடும்போது பறக்கிற தூசி இன்னும் மோசம். கொரோனா சமயத்தில் வாங்கின நல்ல முகமூடிகள் மிச்சம் இருந்தன, உபயோகமாயின. என் ஓரகத்தி அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். அவளைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. படகுப் பட்டறைகளில் உபயோகிக்கிற பாலியெஸ்டர் பிசின் வேறு வகை. அதற்குச் சேர்க்கிற இரண்டு திரவங்களை ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடித்தே விடுமாம். அதை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

ஜூன் 12-ம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். தண்ணீர் முக்கொம்பு தாண்டி எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் படகு தயார். தளத்தின் மேல் நான் ஏறி நின்றேன். நான் அறுபத்தெட்டு கிலோ. அமுங்கவில்லை. பிறகு மாமா ஏறி, குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார். "டங்குங்குதே!" என்றார். பெண்ணுக்கு மிதவைச் சட்டை ஒன்றும் வாங்கிவிட்டோம். தளம் எவ்வளவு உறுதியானாலும் வெள்ளத்துக்கு அது பதில் ஆகாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டின கொள்ளிடம் அணையிலேயே ஒன்பது மதகுகள் ஒரே ராத்திரியில் போனதைப் பார்த்த ஊர் இது. தண்ணீர் செம்மண் நிறமாகச் சுழித்துக்கொண்டு வந்தால் எங்கள் படகு மேட்டில் ஏறிவிடும். வாழை இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும்.

அந்த வருஷம் வெள்ளம் வரவில்லை. மழை பொய்த்து, மேட்டூரில் தண்ணீர் குறைந்து, அக்டோபரிலேயே பாசனத்துக்கு மூடிவிட்டார்கள். படகு கரையேறியது. ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, அடிப்பாகத்தில் சாக்பீஸ் தேய்த்துவைத்திருந்ததைப் பார்த்தோம். முப்பது இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பத்தொன்பதாம் எண் மட்டும் நாலணா அகலத்துக்குக் கறுத்திருந்தது. அது அந்தக் கயிற்று வளையம். தம்பியைப் போனில் கேட்டேன். மற்றதெல்லாம் சும்மா நிற்கிற சாமான், வளையம் அப்படி இல்லை, ஒவ்வொரு தடவை கரையில் இழுத்துக் கட்டும்போதும் பாரம் முழுவதும் அந்த இரண்டு திருகாணியில்தான் விழுகிறது என்றான். திருகாணிக்குப் பதில் அடிவரை போகிற மரையாணி போட வேண்டும், அடியில் ஒரு கட்டை கொடுத்து இழுப்பைப் பரப்பிவிட வேண்டும் என்றான்.

தெருக்கோடி ஆசாரி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேக்குத் துண்டை இழைத்துக் கொடுத்தார். அதற்கும் நாலு பக்கம் பிசின் குடிக்கவைத்து, வாஷர் போட்டு, மேலே இருந்து நான் திருப்ப, அடியில் படுத்துக்கொண்டு என் பெண் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டாள். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. சாக்பீஸ் வெள்ளையாகவே இருந்தது. ஆசாரி கட்டைக்குக் காசு வாங்கவில்லை. ஒரு தார் பூவன் கொடுத்தனுப்பினோம்.